அந்தப் போர் ஏமாற்று அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழின் சினிமாப் பக்கத்தில் ‘ட்வைலைட்’ என்ற இரத்தக் காட்டேரிக் கதை வரிசையின் கடைசிப் படமான ‘பிரேக்கிங் டோன்’ இரண்டாம் பாகத்தைப் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. கடைசியில் எல்லாம் கனவு என்று காட்டிப் பார்ப்பவர்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரே வரியில் படத்தைத் தள்ளிவைத்திருந்தார் எழுதியவர். அது கனவு அல்ல, ஆலிஸ் என்பவள் எதிரிகளின் தலைவனுக்குக் காட்டும் வருங்காலத் தரிசனம். ஐந்து படங்களையும் நான்கு நாவல்களையும் ஊன்றிக் கவனித்த எவருக்கும், முழு வரிசையிலும் மிகவும் யோசித்துச் செய்த வேலை அந்தப் பனிவெளிப் போர்தான் என்பது விளங்கும்.

முதலில் நாவலில் இருந்த சிக்கலைச் சொல்ல வேண்டும். ஸ்டெஃபனி மேயரின் நான்காவது நாவல் 2008இல் வெளிவந்தது, 700 பக்கங்களைத் தாண்டும். அதன் முடிவில், பெல்லாவுக்கும் எட்வர்ட் கல்லனுக்கும் பிறந்த ரெனெஸ்மியால் ஆபத்து என்று வந்த வோல்டூரி என்ற காட்டேரிகளின் ஆளும் கூட்டமும் கல்லன் குடும்பமும் எதிரெதிரே நிற்கின்றன, வாதாடுகின்றன, கலைந்துபோகின்றன. இரினா என்ற காட்டேரி ஒருத்தியைத் தவிர வேறு எவரும் சாவதில்லை. வாசிக்கும்போது இது குறையாகத் தெரியாது. அந்தப் பகுதியைச் சொல்பவள் கதாநாயகி பெல்லா, அவளுடைய பதைப்பை நாம் பக்கத்துக்குப் பக்கம் உணர்ந்துகொண்டிருக்கிறோம். கமராவோ அவள் முகத்தை மட்டுந்தான் காட்டும். நாலு படமாக வளர்த்த பகையைப் பனியில் நின்று பேசிவிட்டுப் போவதோடு முடித்திருந்தால் அரங்கில் ஒருவரும் பொறுத்திருக்க மாட்டார்கள். போரை உண்மையாகவே நடத்தியிருந்தால் கதையின் முடிவே மாறியிருக்கும். திரைக்கதை எழுதிய மெலிசா ரோசன்பேர்க்கும் இயக்குநர் பில் கொண்டனும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டார்கள். அதற்காகப் புதிய விதி எதையும் அவர்கள் கொண்டுவரவில்லை.

கல்லன் குடும்பத்து ஆலிஸ், ஒருவர் ஒரு முடிவை எடுத்ததும் அதன் விளைவைக் காண்பவள். முடிவு மாறினால் அவள் காணும் காட்சியும் மாறும். வோல்டூரியின் தலைவன் ஆரோ, ஒருவருடைய கையைப் பிடித்தால் அவர் அதுவரை நினைத்த அத்தனையையும் அறிபவன். 2009இல் வந்த இரண்டாவது படத்திலேயே இந்த இரண்டு ஆற்றல்களும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. வோல்டூரியின் மண்டபத்தில் பெல்லாவைக் கொல்லப்போகும் நேரத்தில் ஆலிஸ் கையை நீட்டுகிறாள், ஆரோ பிடிக்கிறான், பெல்லாவும் தங்களில் ஒருத்தியாக மாறிவிட்ட வருங்காலத்தைக் கண்டு அவளை விட்டுவிடுகிறான். கடைசிப் படத்தில் நடப்பது அதே செயல்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நம் கண்முன் வைத்த ஒன்றை மறந்துவிட்டு ஏமாற்று என்பது நியாயமா?

சந்தேகமிருப்பவர்கள் அந்தக் காட்சியை மீண்டும் போட்டுப் பார்க்கலாம். ஆலிஸின் கை ஆரோவின் கைக்குள் போகும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அவள் கையை விலக்குவது, ஆரோவைத் தாக்குவது, கல்லன் குடும்பத் தலைவர் கார்லைல் பாய்ந்து ஓடுவது எல்லாம் தரிசனத்துக்குள் நடப்பவை. ஆரோ எரிந்து முடிந்ததும் படம் திரும்பிவருவது அதே பிடித்த கைக்கும் அவனுடைய திகைத்த முகத்துக்கும்தான். சாவுகளின் ஒழுங்கையும் பாருங்கள். எல்லாருக்கும் முன் கார்லைலின் தலை போகிறது. சமாதானம் பேசிய மனிதரே முதலில் விழுந்தால், இனி எவருக்கும் காப்பில்லை என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. பிறகு ஆலிஸின் சொந்தத் துணைவன் ஜாஸ்பர், கல்லன் பக்கம் நிற்கும், ஓநாயாக உருமாறும் மனிதர்களில் சேத், லீயா. எதிர்ப்பக்கத்தில் மார்க்கஸ் கைகளை விரித்துச் சாவை வரவேற்கிறான். கடைசியாக விழுவது ஆரோவின் தலை. அந்தக் காட்சிக்குப் பார்வையாளர் உண்மையில் அவன் ஒருவன்தான், நாம் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறோம். இவ்வளவு தலைகள் பறந்தும் ஒரு சொட்டு இரத்தம் தெரியாததைக் கேலி செய்பவர்கள் உண்டு. மேயரின் கதையில் காட்டேரிகளின் உடல் கல்லைப் போன்றது, உடைந்தால் நொறுங்கும். படம் 13 வயதுக்காரரும் பார்க்கக்கூடிய தரத்துக்குள் நின்றதற்கு இந்த விதி பெரிய உதவி.

குறை சொல்ல வேண்டுமென்றால் எழுதியவர் வேறோர் இடத்தைப் பிடித்திருக்கலாம். ஆலிஸால் ஓநாய்களின் வருங்காலத்தைப் பார்க்க முடியாது. ரெனெஸ்மியையும் பார்க்க முடியாது. இரண்டாவது படத்தில் பெல்லா கடலில் குதித்ததைக் கண்டவள், ஓநாய்களில் ஒருவனான ஜேக்கப் அவளை இழுத்துக் கரைசேர்த்ததைக் காணவில்லை. அப்படியிருக்க, அவள் காட்டும் போரில் ஓநாய்கள் பாய்வதும், ரெனெஸ்மியைச் சுமந்துகொண்டு ஜேக்கப் ஓடுவதும் எப்படி? இதற்குப் படத்தில் விடை இல்லை. ஓநாய்கள் இல்லாமல் அந்தப் போர் வெறிச்சோடிப் போயிருக்கும் என்பதால் விதியை வளைத்துவிட்டார்கள். ரசிகர்களுக்கு இது இன்னும் உறுத்துகிறது.

அதைவிடப் பெரிய பிழை குழந்தை ரெனெஸ்மியின் முகம். முதலில் இயந்திரப் பொம்மை ஒன்றைச் செய்து படப்பிடிப்புக்கும் கொண்டுவந்தார்கள். பார்க்கப் பயங்கரமாக இருந்ததால் கைவிட்டார்கள். பிறகு மக்கென்சி ஃபோய் என்ற சிறுமியின் முகத்தைக் கணினியால் சிறிதாக்கி, கைக்குழந்தைகளினதும் வளர்ந்த பிள்ளைகளினதும் உடலில் பொருத்தினார்கள். சிக்கல் அங்கேதான். கைக்குழந்தைக்கு நெற்றி பெரிது, கண்கள் முகத்தில் தாழ்வாக இருக்கும், நாடி சிறிது, கன்னச் சதை வாயசைவை மூடிவிடும். நிமிடத்துக்கு 2, 3 தடவைக்கு மேல் கண் சிமிட்டாது. பத்து வயதுப் பிள்ளையின் பார்வையும் சிரிப்பும் அந்த முகத்தில் ஏறினால், தாயின் மடியில் கிடக்கும் பிள்ளையாக அது தெரியாது. வயதுக்கு மீறிய அறிவுள்ள பிள்ளை என்று காட்ட நினைத்தது சரிதான். அதற்கு உண்மையான ஒரு குழந்தையின் அமைதியான பார்வையே போதுமாயிருந்திருக்கும்.

ரெனெஸ்மிக்காகச் சாட்சிகளாக வந்து சேரும் காட்டேரிக் கூட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். மட்டக்களப்புக் கூத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரவு உண்டு. மத்தளத்துக்கு ஆடிக் களரியைச் சுற்றி வந்து, தான் யாரென்று காட்டிய பிறகே கதைக்குள் நுழையும். இந்தப் படத்தில் கேட் என்பவளுக்கு அப்படியொரு வரவு கிடைத்தது, அவள் தொட்டதும் மின்சாரம் பாய்கிறது. நீரையும் நிலத்தையும் ஆட்டும் பெஞ்சமினுக்கும் கிடைத்தது. அதனால்தான் போரில் அவன் நிலத்தைப் பிளக்கும்போது நம்ப முடிகிறது. மற்றவர்களில் பலர் வாசலில் பெயர் சொல்லி வந்து கூட்டத்தில் கலந்துவிடுகிறார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைந்த படத்தில் இடம் போதவில்லை என்று நினைக்கிறேன். வடமோடி போரிலும் சாவிலும் முடியும், தென்மோடி காதலில் தொடங்கி நலமாக முடியும் என்று நம் பகுதியில் சொல்வார்கள். தென்மோடிக் கதை ஒன்றின் நடுவில் ஒரு வடமோடிப் போரை முழுதாக ஆடிக்காட்டி, ஒருவரையும் சாகவிடாமல் திருப்பி அழைத்துவந்தது இந்தப் படம்.

ஆரோ பின்வாங்குவதற்குத் தரிசனம் மட்டும் காரணமல்ல. தன் ஆட்கள் முன் முகம் இழக்காமல் திரும்பிப்போக அவனுக்கு ஒரு சாட்டு வேண்டும். அதைக் கொடுப்பவன் நாஹுவெல். ரெனெஸ்மியைப் போலவே மனிதத் தாய்க்கும் காட்டேரித் தந்தைக்கும் பிறந்து, 7 ஆண்டில் முழுதாக வளர்ந்து, 150 வயதிலும் மாறாமல் இருப்பவன். ரெனெஸ்மியால் ஆபத்தில்லை என்பதற்கு உயிருள்ள சாட்சி. வோல்டூரியினர் போனதும் சாட்சிகளோடு வந்த ருமேனியாக்காரர் இருவரும் இப்போதே துரத்திப் போய்த் தாக்குவோம் என்று துடிக்கிறார்கள், கார்லைல் மறுக்கிறார். போர் நடக்கவில்லையே என்ற ஆதங்கத்தைப் படமே அந்த இருவரின் வாயில் வைத்திருக்கிறது.

இந்தப் படத்தை இனிப் பார்க்கப்போகிற வாசகர்களுக்கு: 2011இல் வந்த முதற் பாகத்தையும் 2012இல் வந்த இதையும் அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள். இரண்டும் ஒரே நாவல், ஒன்றாகப் படமாக்கப்பட்டவை. முதற் பாகத்தில் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள், இடையில் வோல்டூரியின் காட்சி ஒன்று வருகிறது, இரண்டாம் பாகத்தின் பகை அங்கேதான் முளைவிடுகிறது. இரண்டாம் பாகத்தின் கடைசி நிமிடங்களைக் கைபேசித் திரையில் பார்க்க வேண்டாம். பிறர் மனதை வாசிக்கும் கணவன் எட்வர்ட்டால் ஒருபோதும் வாசிக்க முடியாதிருந்த பெல்லாவின் மனதை, அதை மறைத்த கவசத்தைத் தானே விலக்கி அவள் திறந்துகாட்டும் இடம் அது. முதற் படத்திலிருந்து வந்த காட்சிகள் அவன் கண்முன் ஓடும். அதன் பிறகு ஐந்து படங்களிலும் நடித்தவர்களின் முகங்கள், இடையில் வந்துபோனவர்கள் உட்பட, பெயரோடு வரும். கூத்து முடிந்து மங்களம் பாடும்வரை களரியை விட்டு எழும்பாதவர்கள் நாங்கள். இதற்கும் அப்படியே இருங்கள்.

இங்ஙனம்,
வாசகி ஒருத்தி,
கல்லடி, மட்டக்களப்பு.