அழைத்து வந்தவர் இப்போது வருவதில்லை

காது கேட்கும் கருவி தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அதை விற்றுப் பொருத்தும் மையங்களை நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

முப்பது வருடங்களாக மற்றவர்களின் காதுக்குள் எட்டிப் பார்த்தே பிழைப்பை ஓட்டும் ஆடியாலஜிஸ்ட் நான். இதுவரை வேலை பார்த்த எல்லா மையங்களிலும் பதிவுப் படிவத்தில் ஒரு வரி இருந்தது: ‘அழைத்து வந்தவர் பெயர்’. ஆரம்ப காலத்தில் அந்த வரி காலியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. மகளோ மருமகனோ கைத்தாங்கலாகக் கூட்டி வருவார்கள். கேள்வியை அவர்களிடம் கேட்போம், பதிலையும் அவர்களே சொல்வார்கள். காது கேட்காதவர் நடுவில் உட்கார்ந்து எங்கள் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்று அந்த வரி பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. உங்கள் மையங்களும் கருவிகளும் மட்டும் அழைத்து வந்தவரை நம்பியே இன்னும் நடக்கின்றன.

நான் தொழிலுக்கு வந்தபோது எங்களிடம் இருந்தவை, சட்டைப் பையில் பெட்டியும் காதுக்கு ஒரு வயருமாகப் போகும் பாக்கெட் மாடலும், காதுக்குப் பின்னால் மாட்டும் அனலாக் மெஷினும்தான். குட்டி ஸ்க்ரூடிரைவரால் ஒன்றிரண்டு திருகுகளைத் திருப்புவதற்குப் பெயர்தான் சரிப்படுத்துவது. “சத்தம் கேக்குதா?” “கேக்குது.” அவ்வளவுதான், வேலை முடிந்தது. மெஷின் விசில் அடித்தால், காதின் அச்செடுத்து வார்த்த மோல்டு சரியில்லை என்போம். அப்படிக் கொடுத்த மெஷின்களில் எத்தனையோ வீட்டு அலமாரியில் போய்ப் படுத்துக்கொண்டன. அது எங்களுக்கும் தெரியும், கூட்டி வந்தவர்களுக்கும் தெரியும்.

ஜனங்கள் படித்துவிட்டார்கள், கையில் போன் வந்துவிட்டது, அதனால்தான் வருகிறவர்கள் மாறிவிட்டார்கள் என்று உங்கள் விற்பனைக் கூட்டங்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கென்னவோ மெஷின் முதலில் மாறியதாகத்தான் படுகிறது. அது மாறிய பிறகுதான் வேறு மாதிரி ஆட்கள் உள்ளே வர முடிந்தது. 1996-ல் முழு டிஜிட்டல் கருவிகள் சந்தைக்கு வந்தன. அதைவிடப் பெரிய திருப்பம் 2003 வாக்கில் வந்த மெல்லிய குழாயும் காதை அடைக்காத, குட்டிக் குடை மாதிரியான சிலிக்கோன் டோமும். அதற்கு முன்பு, தடித்த குரல் நன்றாகக் கேட்டு, கூர்மையான ஒலிகள் மட்டும் தவறிப் போகிறவர்கள் வந்தால் “உங்களுக்கு மெஷின் ஒத்துவராது” என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம். மோல்டு வைத்துக் காதை அடைத்தால் அவர்களுடைய சொந்தக் குரலே குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் கேட்கும். டோம் வந்ததும் கீழ்ச்சுருதி ஒலிகள் தம் பாட்டுக்கு உள்ளே போயின, தேவையான மேல்சுருதி ஒலிகளை மட்டும் கருவி கூட்டிக் கொடுத்தது. விசிலை அடக்கும் வேலையை டிஜிட்டல் சிப் எடுத்துக்கொண்டது. அப்படித்தான் நாற்பத்தைந்து வயதில், வேலையில் இருப்பவர்கள், தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

அவர்கள் கொண்டு வந்த புகாரும் புதிது: “கேட்கிறது, ஆனால் புரியவில்லை.” உயிரொலிகளில் வலு அதிகம். மெய்யொலிகளில் பல மெலிந்தவை, மேல்சுருதியில் இருப்பவை. அந்த மேல்பகுதி போய்விட்டால் சட்டம், பட்டம், கட்டம் மூன்றும் ஒன்றாகிவிடும். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசினார்கள் என்பது போய்விடும். 2020-ல் எல்லோரும் முகக்கவசம் போட்டபோது இன்னொரு கூட்டம் வந்து சேர்ந்தது. அதுவரை உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொண்டிருந்தது அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது நாற்பத்தெட்டு. இரண்டு வாரம் குறித்து வைத்த நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். மூன்றாவது பெஞ்சு வரை பிரச்சினை இல்லை, ஐந்தாவது பெஞ்சுப் பையன் கேள்வி கேட்டால் மின்விசிறி மட்டும்தான் கேட்கிறது. ஆசிரியர் அறையில் ஒருவர் பேசினால் சரி, மூவர் பேசினால் சிரித்து வைத்துவிடுகிறார். எல்லாவற்றையும் தேதியோடு எழுதியிருந்தார். அப்புறம் கேட்டார், “சத்தத்தைக் கூட்டினால் மின்விசிறியும் சேர்ந்துதானே கூடும்? அதற்கு என்ன செய்வீர்கள்?”

அன்று நான் வேலை பார்த்த மையத்தில் ஒருவருக்கு ஒதுக்கிய நேரம் இருபது நிமிடம். சோதனை என்றால் ஒலி புகாத அறையில் பீப் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான். இரைச்சலுக்கு நடுவே பேச்சு எவ்வளவு புரிகிறது என்று பார்க்கும் சோதனை உலகத்தில் எப்போதோ வந்துவிட்டது, எங்கள் மையத்துக்கு வரவில்லை. பீப் கேட்கும் அளவு ஒரே மாதிரி உள்ள இரண்டு பேருக்கு இரைச்சலில் பேச்சு புரியும் அளவு பெரிதும் வேறுபடலாம். அதை அளக்காமல் அவருக்கு என்ன பதில் சொல்வது? அசடு வழிந்தேன்.

அவர் அடுத்துக் கேட்டது இன்னும் சங்கடம். செவிப்பறை அருகே மெல்லிய குழாய் மைக் வைத்து, கருவி உண்மையில் எவ்வளவு ஒலியைக் கொண்டு சேர்க்கிறது என்று பார்ப்பீர்களா என்றார். எங்கேயோ படித்திருக்கிறார். நியாயமான கேள்வி. கணினித் திரையில் ‘முதல் பொருத்தம்’ என்று நீங்கள் வைத்திருக்கும் பொத்தானைத் தட்டினால் வரும் ஒலி, அந்தக் காதுக்குக் கணக்குப்படி வேண்டியதைவிட, முக்கியமாக மேல்சுருதியில், பல நேரம் குறைவாகவே இருக்கும். காதுக்குக் காது துளையின் அளவும் வளைவும் வேறு. அளந்து பார்க்காமல் பொருத்துவது, கண்ணாடிக்கடையில் எல்லோருக்கும் ஒரே பவர் கொடுப்பதிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. அளக்கும் இயந்திரத்தை வாங்கித் தூசு படிய மூலையில் வைத்திருக்கும் மையங்களையும் பார்த்திருக்கிறேன்.

பயந்துகொண்டு வருகிறவர்களும் இப்போது அதிகம். காது மந்தமானால் மறதி நோய் வரும் என்று உங்கள் விளம்பரங்கள் சொல்லியிருக்கின்றன. செவித்திறன் குறைபாடு அந்த நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2017-லிருந்து சொல்லி வருவது உண்மை. ஆனால் 2023-ல் வந்த அச்சீவ் ஆய்வில், 70 முதல் 84 வயது வரையிலான ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்களை மூன்று வருடம் பார்த்தபோது, கருவி கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமிருந்த பிரிவினரிடம் மட்டும், கருவி பெற்றவர்களின் சிந்தனைத் திறன் சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்திருந்தது. நீங்கள் அந்த 48-ஐ மட்டும் எடுத்துப் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். மிச்சத்தைச் சொல்லும் வேலை என் தலையில் விழுகிறது.

அமெரிக்காவில் 2022 அக்டோபரிலிருந்து 18 வயது நிறைந்தவர்கள், லேசான அல்லது நடுத்தரக் குறைபாட்டுக்கான கருவியை மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையிலேயே வாங்கலாம். 2024 செப்டம்பரில் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ 2 இயர்போனில் ஓடும் மென்பொருளுக்கே கேட்கும் கருவி என்ற அனுமதி கிடைத்தது. இதைக் கேட்டு என் சகாக்கள் சிலர் கலங்கிப்போனார்கள். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான். எல்லோர் காதிலும் ஏதோ ஒன்று தொங்குவதால் மறைக்கும் பதற்றம் குறைந்திருக்கிறது. (ஒரே சிக்கல், காதில் எதையாவது மாட்டியிருப்பவர் பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்து இப்போது யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.)

எல்லோரும் அந்த ஆசிரியர் மாதிரி ஆகிவிட்டார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். போன வாரம் வந்த பாட்டிக்கு வயது எண்பத்தெட்டு. விரல் நடுங்குவதால் சின்ன பேட்டரியை மாற்ற முடியவில்லை, சார்ஜ் செய்யும் கருவி அவருக்கு வரப்பிரசாதம். ஆனால் அந்த மாடலில் ஒலியைக் கூட்டக் குறைக்கப் பொத்தான் இல்லை, எல்லாம் போன் செயலிக்குப் போய்விட்டது. அவரிடம் அப்படிப்பட்ட போன் கிடையாது. தானாகவே பேருந்து பிடித்து வந்த மனுஷிக்கு ஒலியைக் குறைக்க மட்டும் பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஒரு பொத்தானை வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கடைசியாக, பூட்டு. உங்களில் சிலர் விற்கும் கருவிகளை உங்கள் மையங்களின் மென்பொருளால் மட்டுமே திறக்க முடியும். வாங்கியவர் வேறு ஊருக்கு மாறிப் போனால் அங்கே இருக்கும் ஆடியாலஜிஸ்ட் கையைப் பிசைய வேண்டியதுதான். வாங்கும்போது இதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. இப்போது என்னிடம் அப்படி ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். கருவி நன்றாக இருக்கிறது, காதும் பொருந்தத் தயார், என் கணினிதான் உள்ளே நுழைய முடியவில்லை. எப்போது திறந்து விடுவீர்கள் என்று ஒரு தேதி சொல்லுங்கள், அவர்களுக்கு நேரம் ஒதுக்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆடியாலஜிஸ்ட்