பரோட்டாவை மறக்கப் பத்து நிமிடம்: தமிழ்ப் பட இயக்குநர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள இயக்குநர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரையும் எனக்கு நேரில் தெரியாது. நீங்கள் எடுப்பதை டிக்கெட் வாங்கியோ மாதச் சந்தா கட்டியோ பார்க்கிறவன், அவ்வளவுதான் நமக்குள் உறவு. நான் விமர்சகன் இல்லை. லென்ஸ், லைட்டிங் என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவேன். ஆனால் திரையில் ஒரு முகம் பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். உங்கள் படத்தைப் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் விட்டுப்போன படங்களைக் கொஞ்ச நாளாக ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தேன். சிலவற்றை இரண்டாம் முறையும் பார்த்தேன். யோசித்துப் பார்த்தால் மனதில் நின்ற முகங்களில் பாதிக்கு மேல், ஒரு காலத்தில் கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்று தலையில் கொட்டு வாங்கிய முகங்கள்.

சூரியில் தொடங்குகிறேன். 2009-இல் 'வெண்ணிலா கபடிக்குழு' படத்தின் பரோட்டா சாப்பிடும் காமெடி வந்ததிலிருந்து அவர் எனக்குப் பரோட்டா சூரிதான். 'விடுதலை' முதல் பாகத்தில் காவலர் குமரேசனாக வந்தபோதும், முதல் பத்து நிமிடம் எப்போது ஜோக் அடிப்பார் என்றுதான் காத்திருந்தேன். அப்புறம் மறந்துபோனது. பத்து நிமிடத்தில் ஒரு நடிகரின் பதினான்கு ஆண்டுகளைப் பார்வையாளனுக்கு மறக்கடிப்பது சாதாரண விஷயமில்லை. அந்தப் பெருமையில் அவருக்குப் பாதி, இயக்குநர் வெற்றிமாறனுக்குப் பாதி.

ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். 'கருடன்' சொக்கன் விசுவாசத்துக்காக உருகுகிறான். 'மாமன்' படத்தில் மருமகனுக்காக உருகுகிறார். இரண்டிலும் நன்றாகத்தான் செய்திருக்கிறார், எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. இருந்தாலும் நல்ல மனசுக்காரர், அடி வாங்குகிறவர், கடைசியில் பொங்கி எழுகிறவர் என்ற புதுச் சட்டை அவருக்குத் தைத்து முடிந்துவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது. பரோட்டாவிலிருந்து தப்பித்தவரைக் கண்ணீருக்குள் அடைத்தால் என்ன லாபம்?

'கொட்டுக்காளி'யை இதனால்தான் பெரிதாகச் சொல்கிறேன். அதில் சூரி நல்லவர் இல்லை. தொண்டை கட்டி, அதில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, கரகரத்த குரலில் பேசும் பாண்டி. முறைப்பெண் வேறு ஒருவனை விரும்புகிறாள் என்பதால் அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, சேவலையும் சொந்தக்காரர்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாமியாடியிடம் போகிறான். வழியில் ஓடும் ஒரு பாட்டுக்கு அவள் உதடு லேசாக அசைகிறது. அதற்கு அவன் ஆடும் ஆட்டம் இருக்கிறதே, என் பக்கத்து இருக்கைக்காரர் கையிலிருந்த பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டார். முறைப்பெண்ணாக வரும் அன்னா பென் படம் முழுக்கக் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை, ஆனாலும் எதிரில் இருப்பவர்களை எல்லாம் தோற்கடிக்கிறார். இயக்குநர் வினோத்ராஜ் அந்தப் படத்துக்குப் பின்னணி இசையே வைக்கவில்லை. என்ன உணர வேண்டும் என்று வயலின் வந்து சொல்லாததால், நாங்களே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எல்லாப் படத்துக்கும் இது சரிவராது, தெரியும். ஆனால் ஒரு முகம் உடையப் போகிற அந்த நான்கு நொடியாவது வாத்தியங்களை அடக்கி வையுங்கள், ப்ளீஸ்.

அரவிந்த்சாமி கதை இன்னொரு வகை. 'தனி ஒருவன்' (2015) வந்ததும் ஸ்டைலான, புத்திசாலி வில்லன் என்றால் அவர்தான் என்றாகிவிட்டது. அதே வேடத்தைத் தெலுங்கு மறுஆக்கத்திலும் அவரையே செய்ய வைத்தார்கள். அந்த மனிதர் 'மெய்யழகன்' படத்தில், தன்னிடம் அன்பைக் கொட்டும் ஒருவனுடைய பெயர்கூட ஞாபகம் வராமல், அதைக் கேட்கவும் வெட்கப்பட்டு, இரவு முழுக்கச் சமாளிக்கிறார். இப்படி மாட்டிக்கொள்ளாதவர் நம்மில் யார்? கல்யாண மேடையில் தங்கைக்கு நகை போட்டுவிடும் இடத்தில் அவர் வசனமே பேசவில்லை என்பதுபோல்தான் எனக்கு நினைவிருக்கிறது. பேசியிருந்தாலும் காதில் விழவில்லை. அந்த ஒருவனாக வரும் கார்த்தி சில இடங்களில் பாசத்தை ஒரு கரண்டி கூடவே ஊற்றுகிறார், அது வேறு. படம் நீளம் என்று வந்த பேச்சுக்குப் பயந்து, வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். வெட்டியதில் யாருடைய மௌனம் போனதோ!

சிங்கம்புலியைப் பற்றி அதிகம் சொன்னால் 'மகாராஜா' பார்க்காதவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அஜித்தின் 'ரெட்' படத்தை இயக்கியவர் அவர்தான் என்பதே பலருக்கு ஞாபகம் இருக்காது, நமக்கு அவர் ஒரு சிரிப்பு முகம். அந்தச் சிரிப்பு முகத்தையே இயக்குநர் நித்திலன் பொறியாக வைத்திருக்கிறார். படம் முடிந்த பிறகு டிவியில் அவருடைய பழைய காமெடி ஒன்று ஓடியது, சிரிப்பே வரவில்லை.

இயக்குநர் ஸ்ரீ கணேஷுக்குத் தனியாக ஒரு நன்றி. 2017-இல் '8 தோட்டாக்கள்' படத்தில், தொலைக்காட்சித் தொடரில் பட்டாபியாகச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த எம்.எஸ்.பாஸ்கரின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தவர் அவர்தான். '3 பிஎச்கே'யில் சரத்குமாருக்கும் அதையே செய்திருக்கிறார், தலைகீழாக. 'நாட்டாமை'யில் தீர்ப்பு சொன்ன மனிதர், சொந்த வீடு வாங்க முடியாமல் பிள்ளைகள் முன்னால் குரல் இறங்கிப்போகிற அப்பாவாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் 'சூர்யவம்சம்' தேவயானி வேறு. ஒரே பாட்டில் பணக்காரராகிற அந்தப் பாட்டு எங்கே என்று என் அம்மா கேட்டார்.

அம்மா என்றதும் ஒன்று. 'லப்பர் பந்து' படத்தில் ஸ்வாசிகா, ஹரிஷ் கல்யாணுக்கு மாமியார் ஆகப்போகிறவர். நிஜத்தில் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. யசோதையாக அவர் வெறும் பார்வையிலேயே கணவன் கெத்துவை மைதானத்திலிருந்து கிளப்புகிறார். அதற்குப் பரிசாக இனி அவருக்கு நரைத்த விக்கை நீட்டிவிடாதீர்கள். அதே படத்தில் கெத்துவின் அம்மாவாக கீதா கைலாசம். 'மாமன்னன்' படத்தில் வடிவேலுவின் மனைவி, 'அமரன்' படத்தில் ராணுவ வீரனின் தாய். இப்படியே போயிருந்தால் "யாரோ ஒரு அம்மா" என்று கடந்து போயிருப்போம். 'அங்கம்மாள்' வந்துதான் காப்பாற்றியது. ரவிக்கை போட்டுக்கொள் என்று மகன் கெஞ்ச, முடியாது என்று நிற்கிற அம்மா. பிள்ளைக்காக உயிரை விடாத, பிள்ளையோடு சண்டை போடுகிற அம்மாவைத் திரையில் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது.

மறுபடியும் எம்.எஸ்.பாஸ்கரிடம் வருகிறேன், எனக்கு அவரை விட்டுப்போக மனம் வரவில்லை. 'பார்க்கிங்' படத்துக்காக 2025-இல் அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அறிவித்தார்கள். நாகேஷுக்கு 'நம்மவர்' படத்துக்காகக் கிடைத்த அதே விருது. கார் நிறுத்துகிற இடத்துக்காக, ஒரு நேர்மையான அரசு ஊழியர் அங்குலம் அங்குலமாகக் கெட்டவராவதை, நரம்பு நரம்பாகக் காட்டியிருக்கிறார். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வீம்பு பிடித்த கிழவர், வீம்பு பிடித்த வீட்டுக்காரர், வீம்பு பிடித்த மாமனார் என்று பத்துக் கதை அவர் வாசலில் வந்து நிற்கும்.

அதற்குள் உங்களில் யாராவது அவருக்கு ஒரு காதல் கதை எழுதுங்களேன். அறுபது தாண்டிய ஒருவர், யாரோ ஒருவருடைய போனுக்காகக் காத்திருப்பது போல. நான் முதல் நாளே டிக்கெட் எடுத்துவிடுகிறேன், அம்மாவுக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
பின் வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் ஒருவன்