மூக்கில் குழாய் போடுமுன் எங்களிடம் பேசுங்கள்: நெல்லைச் சீமை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். முக்கூடல் பக்கம் நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றிப் பிள்ளைகளை ஆளாக்கிய ஒருவரின் மகள் நான். அம்மாவுக்கு அல்சைமர் நோய் என்று தெரிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. என் பெயர் எப்போதோ மறந்துவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. ஆனால் மடியில் சொளகு இருப்பதுபோல் முந்தானையை விரல்களால் உருட்டி, முனையை மடக்கும் வேலை மட்டும் இன்னும் ஓயவில்லை. புதிய நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதியைத்தான் இந்நோய் முதலில் அரிக்கிறது என்பதையும், கைப்பழக்கம் வேறு பகுதிகளில் தங்கியிருப்பதால் நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது என்பதையும் பிறகுதான் படித்து அறிந்தேன்.

சென்ற ஐப்பசியில் அம்மா சோற்றை விழுங்காமல் கன்னத்தில் அடக்கத் தொடங்கினார். புரையேறிக் காய்ச்சல் கண்டதால் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். "டியூப் போடலேன்னா பட்டினியாக் கெடப்பாங்க" என்ற ஒரே வாக்கியத்தில் எங்களிடம் சம்மதம் வாங்கி, மூக்கு வழியாகக் குழாய் செலுத்தினார்கள். அவர் பிடுங்கியபோது கைகளைக் கட்டிலோடு கட்டினார்கள். கட்டுக்குள்ளும் அந்த விரல்கள் உருட்டிக்கொண்டிருந்தன.

விழுங்கும் திறன் குறைவது இந்நோயின் கடைசிக் கட்டத்தில் வழக்கமாக வருவது என்பதையோ, அந்தக் கட்டத்தில் குழாய்வழி உணவு ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்கோ நிமோனியாவைத் தடுக்கிறது என்பதற்கோ சான்று இல்லை என்பதையோ எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் இத்தகையோருக்குக் குழாயைத் தவிர்த்து, கவனமாகக் கையால் ஊட்டவே பரிந்துரைக்கிறது. "சோறு தண்ணி இல்லாமக் கெடக்காளே, ஏதாவது பண்ணுங்க" என்று உறவினர்கள் உங்களை நெருக்குவதையும் நான் அறிவேன். எங்கள் சித்தியே அப்படித்தான் நின்றார்.

குழாயை எடுத்து வீடு திரும்பியபின், வாய்வழி ஊட்டும் முறையை ஒரு செவிலியர்தான் கற்றுத்தந்தார்: நிமிர்த்தி உட்கார வைத்து, மோவாயைச் சற்றே தாழ்த்தி, அரைக் கரண்டியாக ஊட்ட வேண்டும், வாயில் இருப்பது இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது, ஊட்டிய பின் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. வெறும் தண்ணீர்தான் எளிதில் புரையேறுகிறது; சொதியில் குழைய மசித்த சோறு இறங்குகிறது. இதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். போதும் என்று அம்மா உதட்டை மூடினால் நிறுத்திவிடுகிறேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். உணவு மறுப்புக்குப் பல்வலி, வாய்ப்புண், மலச்சிக்கல் போன்ற தீர்க்கக்கூடிய காரணம் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், இது கடைசிக் கட்டம் என்பதை எங்களை உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஊட்டும் முறையையும், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கும் முறையையும் செய்து காட்டச் சொல்லுங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் வலிதணிப்புச் சேவை உண்டு. அது புற்றுநோயாளிகளுக்கு மட்டும் என்றே எங்கள் தெருவில் பலர் நினைக்கிறார்கள். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே அதற்கு ஒரு பரிந்துரைச் சீட்டு எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
முக்கூடல்