48 அல்ல, 16

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். கூரையில் 400 வாட் சோலார் பேனல் பத்து, ஆக 4 கிலோவாட். பகல் 12 மணி நேரம். நாளுக்கு 48 யூனிட் மின்சாரம். பெருக்கல் சரிதான். அந்தப் பன்னிரண்டைத்தான் முதலில் அடித்துவிட வேண்டும்.

பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் 400 வாட் சோதனைக்கூடத்து எண்: சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில், பேனலுக்குள் மின்சாரம் தயாரிக்கும் சில்லான செல்லின் சூடு 25 டிகிரி. காலை, மாலை வெயிலுக்கு அந்த வலு கிடையாது. அதனால் நாள் முழுக்க விழுந்த வெயிலைத் திரட்டி, 1000 வாட் வெயிலாகவே அடித்திருந்தால் எத்தனை மணி நேரம் அடித்திருக்கும் என்று பார்ப்பார்கள். 1000 வாட் ஒரு மணி நேரம் என்றால் ஒரு யூனிட்; சதுர மீட்டருக்கு 5 யூனிட் வெயில் விழுந்தால் 5 மணி. பிவிஜிஐஎஸ், குளோபல் சோலார் அட்லஸ் தளங்களில் உன் இடத்துக்கான எண் இருக்கிறது. கூரையின் சாய்வுக்கும் திசைக்கும் உரியதை எடு. சமதளத்துக்கானதை எடுத்தால் கணக்கு வேறு பக்கம் போய்விடும்.

5 மணி என்று வைத்துக்கொள். 4 × 5 = 20 யூனிட். இனிக் கழிவு.

அதிகம் தின்பது சூடுதான். வெப்பத்தால் டிகிரிக்கு எவ்வளவு குறையும் என்று பேனலின் விவரத்தாளில் இருக்கும், 0.35% என்று வை. நல்ல வெயிலில் நண்பகலில் செல் 60 டிகிரியைத் தொடும். 25-க்கு மேல் 35 டிகிரி. 35 × 0.35 = 12.25%. அந்த நேரத்தில் உன் 400 வாட் பேனல் வெறும் 351 வாட் பேனல். காலை, மாலையில் இவ்வளவு சுடாது என்பதால் நாளுக்கு 10% கழித்தால் போதும். பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு 3%, தூசிக்கு 5%, கம்பிக்கும் பேனலுக்குப் பேனல் உள்ள வித்தியாசத்துக்கும் 5%. இவற்றைக் கூட்டாதே, பெருக்கு: 0.90 × 0.97 × 0.95 × 0.95 = 0.79. இருபதில் 15.8 யூனிட் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்தத் தளங்கள் ஒரு கிலோவாட்டுக்கு இத்தனை யூனிட் மின்சாரம் என்றும் ஓர் எண் தரும். அதில் கழிவெல்லாம் போய்விட்டது. அதை மறுபடி 0.79-ஆல் பெருக்கினால் இரட்டைக் கழிவு. பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

நிழலை இந்தச் சதவீதங்களுக்குள் அடைக்க முடியாது. பேனல்கள் வரிசையாகக் கோத்தவை. ஒன்றின் மூலையில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தால் மின்னோட்டம் அங்கே நெரிபடும். உள்ளிருக்கும் பைபாஸ் டயோடு அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு மற்றதை ஓடவிடும். பேனலில் மூன்று டயோடு இருப்பது வழக்கம். ஆக, கையகல நிழலுக்கு மூன்றில் ஒரு பங்கு பேனல் போச்சு. காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்குக் கூரையைப் படமெடுத்து அனுப்பு.

வருடச் சராசரியை நம்பி பேட்டரி வாங்காதே. மிக மோசமான மாதத்தின் எண்ணைப் போட்டுப் பார். 3.5 மணி என்றால் 4 × 3.5 × 0.79, சுமார் 11 யூனிட்தான். அதுவும் மாதச் சராசரி. வானம் மூடிக் கிடக்கும் நாளில் இதில் பாதிகூட வராது.

பேனல் ஏறியதும் தினமும் இருட்டியபின் இன்வெர்ட்டர் காட்டும் அன்றைய யூனிட்டைக் குறித்து வை. மேகமே இல்லாத நாளிலும் 13-ஐத் தாண்டவில்லை என்றால் முதலில் பேனலைக் கழுவு, அதிகாலையில், கண்ணாடி சுடுவதற்கு முன். அப்படியும் ஏறாவிட்டால் ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டையும் ஆம்பியரையும் இன்வெர்ட்டர் திரையில் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா