ஸ்வீடனுக்கு நெய் வேண்டாம், யூரோவும் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வட ஐரோப்பாவில் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் ஸ்வீடனுக்குப் போவது ஊர் பார்க்க அல்ல, மகளுக்குப் பேறுகாலம் பார்க்க. போன ஆண்டு மே முதல் ஜூலை வரை நானும் அப்படித்தான் ஸ்டாக்ஹோமில் இருந்தேன். அவர்களுக்கு வேண்டிய தகவல்கள் கட்டுரையில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நெய். முருங்கைக்கீரை போட்டு உருக்கிய 2 கிலோ நெய்யை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி எடுத்துப் போனேன். விமான நிலையச் சுங்கத்தில் அந்தப் பெண் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் டேப்பைப் பிரித்து, முகர்ந்து பார்த்து, தூக்கோடு எடுத்து வைத்துக்கொண்டார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பால் பொருளோ இறைச்சியோ கொண்டுபோகக் கூடாது. பச்சைத் தழைக்குச் சான்றிதழ் வேண்டும். கறிவேப்பிலைக் கட்டும் போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. சுக்கு, மிளகு, சீப்புச் சீடை எதையும் அவர் தொடவில்லை. அப்புறம் அங்கேயே வெண்ணெய் வாங்கி உருக்கினோம். ‘ஊசால்டட்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும், அதுதான் உப்பில்லாதது.

அடுத்தது பணம். ஐரோப்பா என்றாலே யூரோ என்று சொல்லி, டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் 500 யூரோ மாற்ற வைத்தார். ஸ்வீடன் 1995-லேயே ஒன்றியத்தில் சேர்ந்த நாடுதான், ஆனால் இன்றுவரை அதன் பணம் குரோனா. அந்தக் குரோனா நோட்டையும் ஸ்டாக்ஹோம் பேருந்தில் வாங்குவதில்லை, பல கடைகளிலும் வாங்குவதில்லை. வெளிநாட்டில் செல்லும்படி வங்கியில் சொல்லித் திறந்துவைத்த கார்டு ஒன்று இருந்தால் போதும். ஸ்வீடன் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். ஆபத்து என்றால் 112, உடம்புக்கு ஆலோசனை கேட்க 1177.

ஜூன் மாதம் சாயங்காலம் 6 மணிக்கு விளக்கேற்றினேன். வெளியே நம்மூர் 3 மணி வெயில்! சூரியன் மறைய 10 மணி ஆகிறது, 3.30-க்கெல்லாம் மறுபடி உதித்துவிடுகிறது. பிள்ளை தூங்க ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட வேண்டியிருந்தது. டிசம்பரில் போகிறவர்களுக்கு 3 மணிக்கே இருட்டிவிடும்.

வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. 1967 செப்டம்பர் 3-ஆம் தேதிதான் இடமிருந்து வலத்துக்கு மாற்றினார்களாம். சாலையைக் கடக்குமுன் இடப்பக்கம் பாருங்கள். குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம். வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை, நம்மைப் போலவே.

ஒன்று சொல்லாமல் முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் சட்டி ஒன்றைப் பார்த்தேன். முற்றம் வைத்த எங்கள் வளவு வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் என் மாமியார் மோர் ஊற்றிவைத்த அதே சட்டி, அடியில் அதே ஸ்வீடன் முத்திரை. விற்ற பாட்டியிடம் கைபேசியில் எங்கள் வீட்டுச் சட்டியின் படத்தைக் காட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் விடவே இல்லை.

ஐயா, இடங்களைப் பற்றி எழுதும்போது சுங்க விதிகளையும் பண விஷயத்தையும் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். எங்கள் தெருவிலிருந்து ஓர் ஆச்சி ஆவணியில் கிளம்புகிறார்கள். வெண்ணெய்க்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தேவகோட்டை