2029-இல் வரும் சிறுகோள்: பெற்றோர் கவனத்திற்கு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். 2029 ஏப்ரலில் ஒரு விண்கல் பூமியில் மோதும், அத்தோடு எல்லாம் முடிந்தது என்று சொல்லும் வீடியோ ஒன்று சில வாரங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி காலை வழிபாடு முடிந்ததும் என்னிடம் வந்து, "அப்போ நான் பத்தாவது பரீட்சை எழுத மாட்டேனா டீச்சர்?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அது மோதாது. இதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம்.

வீடியோ விண்கல் என்று சொல்வது ஒரு சிறுகோள், அதாவது சூரியனைச் சுற்றிவரும் பெரிய பாறை. அதன் பெயர் அபோபிஸ். சராசரியாக 340 மீட்டர் அகலம். நம் பூமி சூரியனை 365 நாளில் சுற்றுகிறது. அது சுமார் 324 நாளில் சுற்றிவிடுகிறது. அதன் பாதை பூமியின் பாதையைத் தொட்டாற்போல் போவதால், ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை நம் பக்கம் வரும்.

பயம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 2004 ஜூனில் அமெரிக்காவின் கிட் பீக் ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டே இரவு பார்த்தார்கள். பிறகு டிசம்பரில்தான் மறுபடி கண்ணில் பட்டது. பந்து கையை விட்டுக் கிளம்பிய நொடியிலேயே எங்கே குத்தும் என்று எந்த ஆட்டக்காரராலும் சொல்ல முடியாதல்லவா? அதுபோல, கொஞ்ச நாள் பார்த்ததை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரே பாதை கிடைக்காது. அகலமான ஒரு பட்டை கிடைக்கும். அதற்குள் எங்கோ ஓர் இடத்தில் பூமியும் இருந்தது. மேலும் மேலும் பார்க்கப் பார்க்கப் பட்டை குறுகியது. பூமி இன்னும் அதற்குள் இருந்ததால் மோதும் வாய்ப்பு ஏறியது: டிசம்பர் இறுதியில் 2.7 சதவீதம். 2004 மார்ச்சிலேயே எடுத்திருந்த பழைய படங்களில் அதைத் தேடிக் கண்டதும் பட்டை இன்னும் சுருங்கியது, பூமி வெளியே வந்துவிட்டது. 2029 மோதல் அன்றே இல்லை என்றானது. அந்தச் சதவீதம் ஏறிப் பின் இல்லாமல் போனது யாரோ மறைத்ததால் அல்ல, கணக்கு சரியாக நடந்ததால். பிள்ளைகளுக்கு இதுதான் புரிய வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

2021 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ரேடார் அதன் தூரத்தை 150 மீட்டர் துல்லியத்தில் அளந்தது. அடுத்த நூறு ஆண்டுக்காவது ஆபத்தில்லை என்று நாசா அறிவித்தது.

உண்மையில் நடக்கப்போவது இன்னும் சுவையானது. நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை 3.16 மணியளவில், அதாவது சித்திரை முதல் நாள், அது பூமிக்கு மேலே சுமார் 32,000 கி.மீ. உயரத்தில் கடந்து போகும். டிவி செயற்கைக்கோள்கள் இருப்பது அதைவிட உயரத்தில், 36,000 கி.மீ.யில். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில் வெறும் கண்ணுக்கே தெரியும். பூமியின் ஈர்ப்பு அதன் பாதையையே வளைத்துவிடும். அதன்பின் ஒரு சுற்றுக்கு 400 நாளுக்கு மேல் ஆகும்.

அந்த வீடியோவை வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம். பிள்ளை கேட்டால் "சும்மா இரு, படி" என்று அடக்கவும் வேண்டாம். பதில் தெரியாத கேள்வியை நோட்டில் எழுதி அனுப்புங்கள், அறிவியல் ஆசிரியர் வகுப்பிலேயே விளக்குவார். பூமியின் பாதையையும் அபோபிஸின் பாதையையும் மாணவர்கள் சார்ட்டில் வரைந்திருக்கிறார்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தன்று அது ஆய்வகத்தில் இருக்கும். வரைந்த பிள்ளைகளே உங்களுக்கு விளக்குவார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்