கின்போட்டைப் பற்றி மீண்டும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. மருத்துவர் படிக்க அனுமதித்ததும், பாதியில் தூக்கிப் போட்டுவிட்டதாக நீங்கள் எழுதியிருந்த எழுத்தாளர் நபகோவின் 'பேல் ஃபயர்' நாவலைத்தான் முதலில் எடுத்தேன். ஒரு கவிதையும் அதற்கான உரையுமாகவே அமைந்த நாவல் அல்லவா? கவிதைப் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டும் உரைப் பக்கத்தில் இன்னொன்றுமாக வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் புரட்டியே படித்து முடித்தேன்.

நடை அபாரம், ஆனால் உரை எழுதும் பாத்திரமான கின்போட்டைச் சகிக்க முடியவில்லை என்ற உங்கள் குறை நியாயமானதே. பக்கத்து வீட்டு ஜன்னலை ஒளிந்து பார்த்தவன், கவிஞர் ஷேட் இறந்தபின் அவருடைய 999 வரிக் கவிதைக்கு உரை எழுதுவதாகச் சொல்லித் தன்னுடைய செம்ப்ளா என்னும் கற்பனைத் தேசத்துக் கதையை அதன்மேல் ஏற்றுகிறான். எனக்கும் அவன்மேல் பிரியம் வரவில்லை. ஆனால் நாம் வியக்கும் அந்த உரைநடை முழுவதும் அவன் எழுதுவதாகத்தானே வருகிறது? முன்னுரையில் எந்தக் காண்டத்துக்கு எத்தனை வரி, ஷேட் அதை எழுதியது எத்தனை அட்டையில் என்று பண்டிதத் தோரணையில் கணக்குச் சொல்லிக்கொண்டே வருபவன், திடீரென்று தன் இருப்பிடத்துக்கு எதிரே கேளிக்கைப் பூங்கா இரைவதாகப் புலம்புகிறான். அந்த ஒற்றை வாக்கியத்திலேயே ஆள் பிடிபட்டுவிடுகிறான்.

கடைசியில் வரும் பெயரடைவு வரை நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். அதில் தன்னைப் பற்றி நீளமாக எழுதிக்கொள்பவன், தன்னை அண்டவிடாத சிபிலைக் கவிஞரின் மனைவி என்று மட்டும் குறித்து, 'ஆங்காங்கே' என்று முடித்துவிடுகிறான். நூலகத்தில் காலமெல்லாம் அடைவு தயாரித்த எனக்கு, அதிலும் வன்மம் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை!

என்னை உலுக்கிய இடம் வேறு. இரண்டாம் காண்டத்தில், பெற்றோர் தொலைக்காட்சி பார்த்திருக்கும் வேளையில் மகள் ஹேசல் உயிரை விட ஏரியை நோக்கிப் போவதை ஷேட் மாறி மாறிச் சொல்கிறார். அந்த எழுபது வரிகளுக்குக் கின்போட் எழுதும் குறிப்போ, இந்த உத்தியை நாவலாசிரியர்கள் ஃப்ளோபேரும் ஜாய்ஸும் ஏற்கெனவே பயன்படுத்தித் தேய்த்துவிட்டார்கள், மற்றபடி அமைப்பு அழகு என்கிறது. ஒரு பெண்ணின் சாவில் உத்தியை மட்டும் பார்த்த அவனை வெறுத்தேன். சற்றுமுன் நானும் அந்த உத்தியைத்தான் மெச்சிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

பேத்தியின் தேர்வு முடிந்ததும் வாருங்கள், அந்த வரிகளைச் சேர்ந்து வாய்விட்டுப் படிப்போம்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்